களரியும் பாயும் வாவியும்: மரபுச் சுற்றுலா பற்றி வாசகர் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊர்க்கலைகளையும் கைத்தொழில்களையும் சுற்றுலாவோடு சேர்த்து எப்படி வாழவைக்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் இருந்து தெரிந்தெடுத்த கேள்விகளும் பதில்களும் இவை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம். ரூபாக் கணக்குகள் எல்லாம் வழி காட்டும் உதாரணங்களே. உங்கள் ஊர் விலைவாசியைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து இன்னும் ஆடுகிறோம். பாசிக்குடாப் பக்க ஹோட்டல் ஒன்றில் இருந்து, கிழமைக்கு இரண்டு நாள் இராச்சாப்பாட்டு நேரத்தில் அரை மணித்தியாலம் ஆடித் தரும்படி கேட்கிறார்கள். பொடியன்களுக்கு விருப்பம், கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு இல்லை. எந்தப் பக்கம் நிற்பது?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: அண்ணாவியார் பக்கம் நில்லுங்கள். அதற்காக வருமானத்தைக் கைவிடவும் வேண்டாம்.

கூத்து வட்டக்களரிக்கு உரியது. ஆடுபவர் நாலு பக்கமும் சுற்றி வருவார், சனமும் நாலு பக்கமும் இருக்கும். ஹோட்டலில் சனம் ஒரு பக்கம்தான், அதுவும் சாப்பாட்டுத் தட்டோடு. அரை மணித்தியாலத்துக்குள் கதையை அடக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டுப்படுவது, பாத்திரம் களரிக்கு வந்து ஆடும் வரவு. பிறகு பாட்டில் பாதி போகும், தாளக்கட்டு ஓட்டமாகும், பிற்பாட்டுக்காரருக்கு வேலையே இராது. ஒரு பருவம் இப்படி ஆடினால் பழகுகிற பொடியனுக்கு அந்த அரை மணித்தியாலம்தான் கூத்து என்று மனதில் பதிந்துவிடும். விடிய விடிய ஆடும் கூத்தைத் தாங்குகிற குரலும் காலும் அவனுக்கு வராது. அண்ணாவியார் பயப்படுவது இதற்குத்தான்.

சுருக்குவதே பிழை என்று சொல்ல வரவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று கூத்துகளைச் சுருக்கி மேடையேற்றினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கொண்டு பழக்கித்தான் அதைச் செய்தார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்த கை சுருக்கியது. ஹோட்டலில் அதை முடிவு செய்கிறவர் சாப்பாட்டு நேரம் பார்க்கும் முகாமையாளர்.

ஆகவே ஆட்களை ஊருக்கு வரச்சொல்லுங்கள். பாசிக்குடாவில் இருந்து வாவியின் மேற்குக் கரையான உங்கள் படுவான்கரைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம். அந்தத் தூரம் வந்து பார்க்கிறவர் உண்மையான விருப்பத்தோடுதான் வருவார். காலமும் உங்களுக்கு வாய்ப்பாக இருக்கிறது. மாரி வேளாண்மை வெட்டி முடிந்து, அவரவர் பாட்டை எழுதிய சட்டம் கொடுத்து, பழக்கம் தொடங்கி, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றத்துக்குப் போகும் மாதங்களும் கிழக்கில் சுற்றுலாக்காரர் வரத் தொடங்கும் மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்று. எப்படியும் நடக்கப்போகிற பழக்கத்துக்குத்தான் ஆட்களை அழைக்கிறீர்கள். அவர்களுக்கென்று தனியாக ஒன்றும் இட்டுக்கட்டத் தேவையில்லை.

ஒரு மாலையை இப்படி ஒழுங்கு செய்யலாம். பின்னேரம் நாலரைக்கு வருகை, இளநீர். களரியைக் கூட்டி நீர் தெளித்து வைத்திருங்கள். தூசி கிளம்பினால் பாடுகிறவரின் தொண்டைதான் முதலில் கெடும். ஐந்து மணிக்கு அண்ணாவியார் மத்தளத்தோடு வந்து இரண்டு எளிய தாளக்கட்டுகளைச் சொல்லிக் கொடுக்கட்டும். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாயால் சொல்லிக் காலால் மிதித்துப் பார்க்கட்டும். முக்கால் மணித்தியாலம் போதும். தன் காலால் ஒரு முறை பிழைத்துப் பார்த்தவருக்குத்தான் ஆடுபவரின் காலில் நடப்பது விளங்கும். அடுத்த அரை மணித்தியாலம் உடுப்புக் கட்டுவது. கரப்புடுப்பை இடுப்பில் கட்டி, மேலே அலங்காரம் போட்டு, கிரீடம் ஏற்றுவதைப் பார்ப்பதே பெரிய விருந்து. இதை மறைவில் செய்து வீணாக்காதீர்கள். ஆறரைக்கு ஆட்டம். முழு வரவு ஒன்று, அதைத் தொடர்ந்து தருக்கமோ போரோ ஒன்று, மொத்தம் ஒரு மணித்தியாலம். அதில் ஒரு வரியையும் வெட்டக்கூடாது. கதையின் ஒரு துண்டை முழுதாகக் காட்டுங்கள், கதை முழுவதையும் துண்டாக்க வேண்டாம். பிறகு சாப்பாடு. எட்டரைக்குள் வாகனம் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும். வயல் ஓரப் பாதைகளில் யானை வரும், இருட்டினால் ஓட்டோவில் அனுப்பாதீர்கள்.

கதைச் சுருக்கத்தை அரைப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சடித்து முன்னரே கையில் கொடுத்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் ஒலிவாங்கியைப் பிடித்து விளக்கம் சொல்ல வேண்டாம். முப்பது பேருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. மின்னும் நிற விளக்குகளும் வேண்டாம். வெள்ளை மின்குமிழ் இரண்டு போதும்.

பணத்துக்கு வருவோம், சண்டை வருவது அங்கேதான். பத்துப் பேர், தலைக்கு 4,000 ரூபா, மொத்தம் 40,000 என்று வையுங்கள். ஆட்களைக் கூட்டி வந்தவருக்குப் பத்து வீதம் 4,000. சாப்பாடு, வெளிச்சம், களரி ஒழுங்குக்கு 7,000. இதில் சமைத்த பெண்களின் கூலியும் அடங்க வேண்டும். அவர்களுக்குச் சும்மா நன்றி சொல்லி அனுப்புவது பல ஊர்களில் பழக்கமாகிப் போயிருக்கிறது, அது அநியாயம். கூத்து நிதிக்கு இருபது வீதம் 8,000. மிச்சம் 21,000. ஆடுபவர் எட்டுப் பேருக்கு எட்டுப் பங்கு, மத்தளம் அடித்து நடத்தும் அண்ணாவியாருக்கு இரண்டு, சல்லரிக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு இரண்டு, உடுப்புக் கட்டுபவருக்கு ஒன்று என்று பதினாலு பங்கு வைத்தால் பங்குக்கு 1,500 ரூபா. அண்ணாவியாருக்கு 3,000.

இதே ஊரில் நாலு பேர் மட்டும் வந்தால்? மொத்தம் 16,000. முகவருக்கு 1,600, நிதிக்கு 3,200, சாப்பாட்டுச் செலவை 4,600க்குக் குறைத்தாலும் மிச்சம் 6,600 தான். பங்குக்கு 471 ரூபா. மூன்றாம் முறை ஆடுவதற்கு ஆள் வரமாட்டார்கள். ஆகையால் தலைக்கு இவ்வளவு என்று சொல்லும்போதே, எத்தனை பேர் வந்தாலும் குறைந்தது இவ்வளவு என்று ஒரு தொகையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கூத்து நிதியைத் தனி வங்கிக் கணக்கில், அண்ணாவியார் உட்பட மூவர் கையொப்பத்தோடு வையுங்கள். அது உடுப்புக்கும், மத்தளத்துக்குத் தோல் மாற்றவும், வருடத்தில் ஒரு தடவை விடிய விடிய ஆடும் அரங்கேற்றத்துக்கும் மட்டும். அந்த அரங்கேற்றம் ஊருக்கு. அன்றைக்குச் சீட்டு விற்கக் கூடாது. வெளியார் வந்தால் ஊரோடு பாயில் இருந்து பார்க்கட்டும்.

கேள்வி: வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி வரை நடக்கும் சடங்குகளைப் படம்பிடிக்கக் கேட்டு அறுகம்பைப் பக்கத்தில் இருந்து ஒரு பயண முகவர் வருகிறார். கோயிலுக்கு நல்ல நன்கொடையும் தருவதாகச் சொல்கிறார். விடலாமா?
(வாசகி, தம்பிலுவில்)

பதில்: கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பூசை செய்யும் கட்டாடியாரும் கூடிச் சொல்லும் முடிவுதான் முடிவு. எங்கள் கருத்தைக் கேட்டால், பார்க்க வருபவரை வரவிடுங்கள், நன்கொடையை நிபந்தனையோடு வாங்காதீர்கள். பணம் வாங்கிய பிறகு "இங்கே நிற்கக் கூடாது" என்று சொல்ல வாய் வராது.

வெளிவீதியில் நின்று பார்க்கலாம், உடல் மூடிய உடுப்பு வேண்டும், ஆண்கள் எந்த எல்லைக்கு அப்பால் மேலாடை களைய வேண்டும், கமெரா எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பவற்றை ஒரு பலகையில் மூன்று மொழியிலும் எழுதி வாசலில் வையுங்கள். கலை வந்து (தெய்வம் ஏறி) ஆடுகிறவரின் முகத்தைப் படம் எடுக்க எவருக்கும் அனுமதி வேண்டாம். அவர் தன் நினைவில் இல்லாத நேரம் அது, அவரிடம் சம்மதம் கேட்க முடியாது. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அது இருந்தாலும் கோயிலுக்கு மேலே பறக்க நீங்கள் இணங்க வேண்டியதில்லை.

முகவருக்கு வசதியான திகதிக்குக் குளிர்த்தியை "ஒரு முறை செய்து காட்ட" கேட்டால் மறுத்துவிடுங்கள். கண்ணகி வழக்குரை படிப்பவரை வேறொரு நாளில் ஊர் மண்டபத்தில் இருத்தி, கதையையும் பாடும் முறையையும் விளக்கச் செய்வதில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் படித்தவருக்கு உரிய சன்மானம் வாங்குங்கள்.

கேள்வி: கல்லடியில் இரவில் தோணியில் ஆட்களை ஏற்றி மீன் பாடுவதைக் கேட்கச் செய்யலாம் என்று நானும் நண்பர்களும் யோசிக்கிறோம். உண்மையில் கேட்குமா? கேட்காவிட்டால் ஏசுவார்களே?
(வாசகர், கல்லடி)

பதில்: கேட்கும் இரவும் உண்டு, கேட்காத இரவும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒருவரும் ஏசமாட்டார்கள். "மீன் பாட்டு உறுதி" என்று விளம்பரம் போட்டால்தான் வில்லங்கம். இரவு வாவிப் பயணம் என்று விற்று, பாட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மழையில்லாத மாதங்களில், பூரணையை ஒட்டிய இரவுகள் ஏற்றவை. இடம் பழைய கல்லடிப் பாலத்தடி. பக்கத்தில் புதிய பாலத்தில் வாகன இரைச்சல் இருப்பதால் இரவு பத்துக்கு முன் போய்ப் பயனில்லை. இயந்திரத்தை நிறுத்தி, தோணி ஆடாமல் நின்று, பத்து நிமிடமாவது பேச்சில்லாமல் இருக்க வேண்டும். மரத் துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ விட்டு மறு நுனியைக் காதோடு ஒட்டிப் பிடிப்பதுதான் மீனவர் முறை. பிளாஸ்டிக் துடுப்பு வேண்டாம், மரம்தான் ஒலியை நன்றாகக் கடத்தும். நீருக்கடியில் இறக்கும் ஒலிவாங்கி ஒன்றையும் இரண்டு மூன்று ஹெட்போனையும் வாங்கினால், துடுப்புக்கு முறை வரும்வரை மற்றவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.

சொல்ல நல்ல கதையும் உங்களிடம் இருக்கிறது. பிரித்தானிய அதிகாரியான எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து இந்த ஒலியைக் கேட்டு, கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தடவும்போது எழும் அதிர்வுக்கு ஒப்பிட்டு எழுதினார். ஒலி எழுப்புவது சிப்பி, ஊரி இனம் என்பது அவர் எண்ணம். மீன்தான் என்பவர்களும் உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இதே ஒலியை நீரரமகளிரின் பாடலாக்கித் தமிழில் எழுதினார். தோணியில் ஏறுமுன், கரையில் வைத்தே இதைச் சொல்லி முடியுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஏறும் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி, பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவு. பெரியவர் அங்கி பிள்ளையின் தலைக்கு மேலால் கழன்றுவிடும். ஒடுங்கிய தோணியில் நாலு பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு தோணி போகட்டும். கச்சான் காற்று பலமாக வீசி அலை எழும் இரவில் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். வாவியில் முதலை உண்டு, ஆகையால் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். தோணிப் பதிவு, பிரயாணிகளை ஏற்றும் அனுமதி, காப்புறுதி மூன்றையும் முடிக்காமல் முதல் ஆளை ஏற்ற வேண்டாம். வலை போடுகிற இடங்களை மீனவர் சங்கத்திடம் ஒவ்வொரு கிழமையும் கேட்டு அறியுங்கள். ஒரு தடவை வலை கிழிந்தால் ஊரில் உங்கள் தொழில் முடிந்தது.

கேள்வி: எங்கள் மகளிர் சங்கத்தில் பன் புல்லால் பாய் இழைக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் அழகு என்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள். வாங்குபவரும் பேரம் பேசிக் கூலிகூடக் கிடைக்காத விலைக்குக் கொண்டு போகிறார். என்ன விலை வைப்பது?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: வாங்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு. ஆறடிப் பாயை விமானத்தில் கொண்டு போக முடியாது. 30 சென்ரிமீற்றருக்கு 45 அளவில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சிறு பாய் ஆறு, ஒரு கட்டு. யோகாப் பாய் அளவில் ஒன்று, சுருட்டிக் கட்ட வார் வைத்து. இவை பெட்டிக்குள் அடங்கும். பெரிய பாயை இழைப்பதை நிறுத்திவிடாதீர்கள். கல்யாண வீட்டுக்கும் ஊராருக்கும் அதுதான் வேண்டும், கை மறக்காமல் இருப்பதும் அதனால்தான்.

சிறு பாய்க் கட்டு ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம். பன்னும் சாயமும் 400 ரூபா. ஓரம் மடித்துத் துணி பிடிக்க 300. இழைப்பு பன்னிரண்டு மணித்தியாலம், மணிக்கு 250 வீதம் 3,000. இதுவரை 3,700. பத்தில் ஒன்று பழுதாகும், அதற்கு 370 சேர்த்தால் 4,070. சங்கத்துக்குப் பத்து வீதமாக ஏறத்தாழ 410. ஆக 4,480, விலை 4,500 என்று நிறுத்துங்கள். தன் நேரத்தைக் கணக்கில் எடுக்காத பெண்கள்தான் அதிகம். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சொல்கிறவர், அந்த நேரத்தில் நீங்கள் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று வந்து பார்க்கட்டும்.

கடைக்குக் கொடுக்கும்போது பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் விற்ற விலையில் இருபத்தைந்து வீதம் எடுப்பார் என்றால், 4,500க்கு மேல் இருபத்தைந்து வீதம் கூட்டி 5,625 என்று சீட்டு ஒட்டுகிறார்கள். அவர் எடுப்பது 5,625இல் கால் பங்கு, அதாவது 1,406. உங்கள் கைக்கு 4,219 தான் வரும். கட்டுக்கு 281 ரூபா நட்டம். 4,500ஐ 0.75ஆல் பிரித்து 6,000 என்று சீட்டு ஒட்டுங்கள். உங்கள் கொட்டிலிலும் அதே 6,000 இருக்க வேண்டும். நேரில் வருபவருக்கு விலை குறைத்தால் கடைக்காரர் அடுத்த மாதம் வாங்கமாட்டார்.

தரத்திலும் ஒரு விடயம். பன்னை வெட்டியவுடன் குவித்து வைத்தால் சூடு பிடித்துக் கறுக்கும். பரப்பிக் காயப்போட்டு, அடிப்பக்கம் முறித்துப் பார்த்து ஈரம் இல்லை என்று கண்ட பிறகே கட்டுங்கள். ஐப்பசி தொடங்கினால் வெயிலை நம்ப முடியாது, ஆகவே மாரிக்கு வேண்டிய பன்னைப் புரட்டாதிக்குள் காயவைத்து உயரத் தட்டில் அடுக்கிவிட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பன்னில் இழைத்த பாய், வாங்கியவரின் வீட்டுக்குப் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். சாயத்தைக் காய்ச்சி ஏற்றிய பின் வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்தத் தொகுதியைச் சாப்பாட்டு மேசைப் பாய்க்கு எடுக்கவேண்டாம்.

கொட்டிலுக்கு வருபவரிடம் பாயை மட்டும் நீட்டாதீர்கள். அரை மணித்தியாலம் கூட இருத்தி, கையளவு சதுரம் ஒன்றை இழைக்கப் பழக்கி, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். பத்து நிமிடத்தில் விரல் நோகத் தொடங்கும். பிறகு 6,000 ரூபாவுக்குப் பேரம் பேசுகிறவர் குறைவு. படம் எடுக்குமுன் உங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் வாசலிலேயே எழுதி வையுங்கள், முகம் காட்ட விரும்பாதவர்களின் கையை மட்டும் எடுக்கலாம். மருதமுனைக் கைத்தறிக்காரருடன் பேசி, அவர்களின் துணியை உங்கள் பாயின் ஓரத்துக்கு வைத்தால் இரண்டு ஊருக்கும் வியாபாரம்.

கேள்வி: திருக்கோவிலில் எங்கள் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. பொத்துவிலுக்குப் போகிறவர்களைத் தங்கவைக்க என்ன செய்ய வேண்டும்? ஏசி பூட்ட வேண்டுமா?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: ஏசி கட்டாயமில்லை. சுத்தமான மலசலகூடமும் கிழியாத நுளம்பு வலையும் கட்டாயம். கையில் உள்ள காசை முதலில் அறையோடு ஒட்டிய மலசலகூடத்துக்குப் போடுங்கள். கதவுக்கு உள்பூட்டு, கொழுவி, வெளிச்சம், உலர்ந்த தரை. அடுத்தது வலை. டெங்கு உள்ள மாவட்டத்தில் வலையில் ஒரு ஓட்டையையும் தைக்காமல் விடக்கூடாது, வளவில் தேங்காய்ச் சிரட்டை, தகரம் எதிலும் தண்ணீர் நிற்கவும் கூடாது. மூன்றாவதாக, ஆளுக்கு இரண்டு சோடி படுக்கை விரிப்பு. ஒன்று காய்வதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார்.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் வீட்டில் தங்கவைக்கும் பிரிவில் பதிவு செய்யலாம். நீங்கள் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பிரதேச சபையிலும் கேளுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே கூப்பிட்டுக் குசினியையும் கிணற்றையும் காட்டுங்கள். அவர் பிழை சொன்னால் அது இலவச ஆலோசனை. கடலோரக் கிணறுகள் வரட்சியில் உவர்க்கும், குடிக்கப் போத்தல் தண்ணீரோ கொதித்தாறிய நீரோ வையுங்கள். வருபவரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வந்த திகதி மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

சாப்பாட்டில் பாண், ஜாம், ஒம்லெட் போட்டு அனுப்பாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். காலையில் பிட்டு, எருமைத் தயிர், வாழைப்பழம், சீனி. மத்தியானம் சோறு, அன்றைய மீன் அல்லது இறால், முருங்கையிலைச் சுண்டல், சொதி. உறைப்பான கறி ஒன்று போதும், மற்றவை பால்கறியாக இருக்கட்டும். பிட்டுக் குழைப்பதைக் காட்டிக் கொடுக்க விரும்பினால், இரண்டு சுண்டு வறுத்த அரிசிமாவுக்கு உப்பும் கொதிநீரும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறச் சொல்லுங்கள். நீரை ஒரேயடியாக ஊற்றினால் களியாகும். அதுதான் புதிதாய்ப் பழகுகிறவர் எல்லாரும் விடும் பிழை. தயிர் உறைய வைப்பதையும் காட்டலாம். காய்ச்சி ஆறி, விரல் வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் பால் ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை, மண் சட்டியில் ஊற்றி இரவு முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். சூட்டோடு உறை போட்டால் நீர் பிரியும். தயிர் வாங்கும்போது பால்காரரின் பெயரை வந்தவருக்குச் சொல்லுங்கள், பட்டியைப் பார்க்கக் கேட்பார்கள். அதுவும் ஒரு குடும்பத்துக்கு வருமானம்.

கேள்வி: வழிகாட்டியாக வேலை செய்ய லைசென்ஸ் தேவையா? எனக்கு ஆங்கிலம் ஓரளவுதான்.
(வாசகர், ஏறாவூர்)

பதில்: தேவை. சுற்றுலா அதிகாரசபை தேசிய, பிரதேச, தல, சாரதி வழிகாட்டி என்று வகை பிரித்து அனுமதிப்பத்திரம் தருகிறது. ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் காட்ட நினைப்பவருக்குப் பிரதேச அல்லது தல வழிகாட்டி பொருத்தம். ஆங்கிலம் போதாதென்று தயங்காதீர்கள். உள்நாட்டுச் சிங்களச் சுற்றுலாக்காரரும், புலம்பெயர்ந்து போய்ப் பிள்ளைகளோடு வரும் எங்கள் சனமும் நிறைய. நல்ல சிங்களம் பேசும் தமிழ் வழிகாட்டிக்கு இங்கே வேலை கிடைக்கும்.

கேள்வி: எந்த மாதம் எதைக் காட்டலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: சுருக்கமாகச் சொல்கிறோம். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு, கூத்துப் பழக்கம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்கள். ஆனி, ஆடியில் உகந்தை வழியாகக் குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரை. ஆடி அமாவாசையில் மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தம். ஆவணியில் மண்டூர். அங்கே வாய்கட்டிப் பூசை செய்வார்கள். குருமண்வெளியில் இருந்து பாதையில் (மிதவைப் படகில்) வாவியைக் கடந்து போவது, வாகனத்தில் சுற்றிப் போவதைவிட நூறு மடங்கு நல்லது. ஆவணி, புரட்டாதியில் கொக்கட்டிச்சோலைத் தேர். கார்த்திகை, மார்கழியில் ஒருவரையும் கூப்பிடாதீர்கள். வெள்ளம் வந்தால் படுவான்கரைப் பாதைகள் மூழ்கும். அந்த மாதங்கள் உடுப்புத் தைக்கவும், மத்தளம் திருத்தவும், அறைக்கு வெள்ளை அடிக்கவும்.

கேள்வி: எங்கள் ஊர்க் காட்டோரம் பழைய செங்கல் கட்டட இடிபாடு ஒன்று இருக்கிறது. இளைஞர் கழகம் துப்புரவாக்கி, சிமெந்து பூசி, சுற்றுலாத் தலமாக்க நினைக்கிறது.
(வாசகர், வெல்லாவெளி)

பதில்: மண்வெட்டியைக் கீழே வையுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். சிமெந்து பூசினால் இடிபாட்டின் வயதைச் சொல்லும் அடையாளம் எல்லாம் அழிந்துவிடும். பழைய சுண்ணாம்புச் சாந்தோடு சிமெந்து ஒத்துப்போகாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிரும். நீங்கள் செய்யக்கூடியது, நாலு பக்கமும் படம் எடுத்து, அடி நீளம் அளந்து, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையைச் சொன்னவரின் பெயரோடு எழுதி, பிரதேச செயலகத்தின் ஊடாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிப்பது. பிரதியொன்றை ஊர் நூலகத்தில் வையுங்கள். அந்த இடத்தின் கதையை முதலில் எழுதி வைத்தது உங்கள் ஊர் என்பது பின்னால் உதவும்.

கேள்வி: எங்கள் வயல் வட்டையில் இப்போது எல்லாம் மெஷின் வெட்டுத்தான். பழைய முறையில் வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மிதித்துக் காட்டினால் ஆட்கள் வருவார்களா?
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: வருவார்கள், ஆனால் அளவைச் சிறிதாக வையுங்கள். கால் ஏக்கர் போதும். பாரம்பரிய நெல் ஒன்றை அந்தத் துண்டில் தனியாக விதையுங்கள். பக்கத்துப் புது இன நெல்லோடு ஒரே நாளில் விளையாது, ஆகவே மெஷின் வரும் நாளைப் பார்த்து விதைப்பை முன்பின் போட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் துண்டுக்கு நடுவால் மெஷின் போகும்.

அரிவாளை வெளியார் கையில் கொடுக்கும்போது இடக்கை விரல்களுக்குத் துணி சுற்றிவிடுங்கள், முதல் கதிர்ப்பிடியிலேயே விரலை வெட்டிக்கொள்பவர்கள் உண்டு. மாடு பழக்கமில்லாவிட்டால் களத்தில் இறக்க வேண்டாம், புதுச் சனத்தைக் கண்டு மிரளும். காலால் மிதித்தே காட்டலாம். பொலி தூற்றக் காற்று வேண்டும், காற்று எழும் நேரத்தைப் பார்த்து அதற்கேற்ப ஆட்களை வரச்சொல்லுங்கள்.

ஒரு வேலையை மட்டும் இந்த வருடமே தொடங்குங்கள். களத்தில் நெல்லுக்கும் மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் வேறு பெயர் சொல்லும் களமொழி, பொலிப்பாட்டு இரண்டும் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வட்டையில் இன்னும் இருப்பார்கள். அவர்களை வீட்டுக் கதிரையில் இருத்திப் பதிவு செய்தால் பாதிதான் நினைவுக்கு வரும். களத்துக்குக் கூட்டிப் போய், கையில் சுளகைக் கொடுத்து, ஒரு பொடியனைப் பக்கத்தில் வேலை செய்ய விட்டுப் பதிவு செய்யுங்கள். கை அசையும்போது சொல் தானாக வரும். பாடியவருக்கு அன்றைக்கே கூலி கொடுத்து, பதிவின் ஒரு பிரதியை அவருடைய வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.